வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து

நிமிடத்துக்கு எண்பது ரூபாய்.
பாம்பனில் கரண்ட் இருக்கும் நேரங்களில்
ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன்.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து, இரண்டே வரி,
ஆறு நொடிக்கு மேல் திரையில் நிற்கக் கூடாது.

படம் இம்ரே சொல்னோக்கி என்பவரைப் பற்றி.
ஹங்கேரிக்காரர். ஊரில் ஆறு படம் எடுத்துவிட்டு
ஏழாவதற்குப் பணம் கிடைக்காமல்
அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் போனவர்.
கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் கதை,
பதின்மூன்று வாரம் ஓடும் என்று ஒப்பந்தம்.

அன்றைய நிர்வாகி, இப்போது நடுங்கும் கைகள்,
நீச்சல் குளத்தருகே அமர்ந்து சொல்கிறார்:
“பதினோரு நிமிடத்துக்கு ஒருமுறை விளம்பரம்.
அதற்கு முன் ஒரு தூண்டில் போட்டாக வேண்டும்.
இம்ரேவுக்கு அது வரவில்லை.”
தூண்டில் என்று தட்டிவிட்டு நிறுத்தினேன்.
எங்கள் தெருவில் தூண்டிலுக்கு நம்பர் உண்டு.
விளைமீனுக்கு ஒன்று, சீலாவுக்கு ஒன்று.
எந்த வாய்க்கு என்று கேட்காமல்
யாரும் முள் கட்டுவதில்லை.

ஏழாம் பகுதியில் நாலு நிமிடம் வெட்டே இல்லாத காட்சி.
காவலர் படி ஏறுகிறார்.
விளக்கை ஏற்றுகிறார்.
கடல் கறுக்கிறது.
“இதில் என்ன நடக்கிறது?” என்று மேலிடம் கேட்டதாம்.
“இருட்டுகிறது” என்றாராம்.
அந்த வாரமே தொடரை நிறுத்திவிட்டார்கள்.

ஐம்பத்தோராவது நிமிடம் அவர் மகள் பேசுகிறாள்.
ஏழாம் பகுதி ஒளிபரப்பாகவில்லை, நாடா அழிந்தது,
அப்பாவைத் தவிர
யாரும் அதைப் பார்க்கவில்லை.

மூன்று முறை பின்னால் ஓட்டிக் கேட்டேன்.
நான் பார்த்திருக்கிறேன்.

ஐஸ் கம்பெனி சேகு நெயினா வீட்டுக் கூடத்தில்.
எண்பத்து நாலா, ஐந்தா.
கச்சான் அடிக்கும் ஆடி மாதம்,
ஆண்கடல் கொந்தளித்து, சங்கு குளிக்கப் போக முடியாமல்
ஆட்கள் சும்மா இருந்த நாட்கள்.
மெட்ராஸ் எங்களுக்கு எட்டாது. கொழும்பு எட்டும்.
ஏரியலைத் திருப்ப ஓட்டுமேல் ஒரு பையன்,
“இன்னும் கொஞ்சம்டா, போதும்டா” என்று கீழே பத்துக் குரல்.
படத்தின் அடியில் சோழி உருட்டினாற்போல் சிங்கள எழுத்து,
படிக்க ஒருவருக்கும் தெரியாது.
இங்கிலீஷும் தெரியாது.
விளம்பரம் வர வேண்டிய இடங்களில்
படம் ஒரு கணம் கறுத்து மீண்டது.
அது கண் சிமிட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆள் படியில் கால் வைத்ததும்
சங்குகுளி இன்னாசி மூச்சைப் பிடித்தார்.
வேண்டுமென்றே இல்லை, பழக்கம்.
பாதிப் படியில் அவருக்கு முட்டிக்கொண்டு வந்தது.
விட்டார். இழுத்தார். மறுபடி பிடித்தார்.
விளக்கு எரிந்தபோது கூடத்தில் யாரும் பேசவில்லை.
பிறகு இன்னாசி சொன்னார்:
“நமக்கு ரெண்டு நிமிசம். இவன் நாலு.
இத எடுத்தவன் முங்கத் தெரிஞ்சவன்.”

வேறு ஏதாவது படமாகவும் இருக்கலாம்.
புள்ளி மழையில் அந்த ஆளின் முகம் தெரியவில்லை.
எனக்கு அப்போது எட்டு வயது.
விளக்கு என்றால் எல்லாம் விளக்குதான்,
எங்கள் ஊரிலேயே ஒன்று இருக்கிறது.
கேட்கலாம் என்றால் இன்னாசி இல்லை,
சேகு நெயினா மகன்கள் மலேசியாவில்.

“யாரும் அதைப் பார்க்கவில்லை.”
அவள் சொன்னபடியே எழுதினேன்,
அதற்குத்தான் காசு.
முற்றுப்புள்ளியோடு பதினாறு எழுத்து.
மீதி இருபத்தாறு காலியாகக் கிடந்தது.

இரவு அவளுக்கு ஒரு மின்னஞ்சல் தொடங்கினேன்.
அன்புள்ள, என் பெயர் பெர்பெத்துவா,
நீங்கள் கேள்விப்பட்டிராத ஓர் ஊரிலிருந்து.
கச்சானைச் சொல்லிவிட்டேன், ஏரியலைச் சொல்லிவிட்டேன்.
முங்கத் தெரிஞ்சவன்.
அதற்கு இங்கிலீஷில் வைத்துப் பார்த்த ஒவ்வொரு சொல்லும்
தண்ணீருக்குள் இறங்குகிறது,
இருக்க மாட்டேன் என்கிறது.

கரண்ட் போய்விட்டது.
சன்னலில் வெளிச்சம் ஒருமுறை வந்து போகிறது, மறுமுறை வருகிறது.
கலங்கரை விளக்கத்துக்கு ஜெனரேட்டர் உண்டு.